கொடும்பாளூர் வேளிர்: குலமரபும் கல்வெட்டும்

சிவாலயத் திருச்சுற்றுகளில் அறுபத்துமூவர் வரிசையைக் காணும்போது, நின்ற கோலத்தவர் நடுவே அமர்ந்த கோலத்தில் விளங்கும் அம்மையாரைக் காரைக்கால் மக்கள் தம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சுட்டிக்காட்டுவர். அதே வரிசையில் கைகூப்பி நிற்கும் இடங்கழி நாயனார் முன் நின்று பார்ப்பவர் சிலரே. அடியார்க்கு அமுதளிக்க நெல்லின்றி, நள்ளிரவில் அரண்மனைக் கொட்டாரத்துள் புகுந்த ஓர் அன்பரைக் காவலர் பிடித்துவந்து நிறுத்தினர். காரணம் கேட்டறிந்த மன்னர் அவரைத் தண்டியாமல், சிவனடியார் அனைவரும் நெற்பண்டாரத்தையும் நிதிப்பண்டாரத்தையும் வேண்டியவாறு கொள்ளலாம் எனப் பறையறைவித்தார். இதுவே பெரியபுராணம் கூறும் இடங்கழியார் வரலாறு. அவர் ஆண்டது கோனாட்டுக் கொடும்பாளூர்; பிறந்தது வேளிர் குலம். தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்த ஆதித்தனுக்கு அவர் முன்னோர் என்றும் நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் குறிக்கின்றனர்.

இந்த வேளிர் குலம் யாது? எங்கிருந்து வந்தது? தமிழகத்தில் மூவேந்தர்க்கு அடுத்த நிலையில் இருந்த குடிகளுள், தன் தோற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசப்பட்ட குடி வேறில்லை. பேசியவர்கள் பெரும்பாலும் புலவர்கள். ஒரு குடியின் தொன்மையைப் பாட்டு எந்த அளவுக்குத் தாங்கும், கல் எந்த அளவுக்குத் தாங்கும் என்று பார்ப்பதற்குக் கொடும்பாளூர் இருக்குவேளிரைவிடத் தகுந்த சான்று கிடைப்பதரிது.

கதையின் தொடக்கம் பறம்புமலையில் உள்ளது. பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் குறுநில மன்னர் வாயில்களை நாடிச் சென்றார். விச்சிக்கோன் மறுத்தான். அடுத்துச் சென்ற இடம் புலிகடிமால் எனச் சிறப்புப்பெயர் பெற்ற இருங்கோவேளின் அவை. பெண் கொள்ளுமாறு வேண்டிய கபிலர் அவனது குலப்பெருமையை முதலில் எடுத்துரைக்கிறார்: வடபால் முனிவன் ஒருவனது வேள்விக் குண்டத்தில் தோன்றியவர் வழி; செம்பு மதில் சூழ்ந்த துவரையை ஆண்டவர் வழி; அவ்வழியில் நாற்பத்தொன்பது தலைமுறை கடந்து வந்த வேள் இவன். புறநானூற்றின் 201 ஆம் பாட்டு இது. அவனும் மறுத்தான். 202 ஆம் பாட்டில் கபிலரின் குரல் மாறுகிறது. சிற்றரையம், பேரரையம் என்ற இரு பேரூர்கள் அழிந்தது எதனால் என்று அவர் நினைவூட்டுகிறார்: இருங்கோவேளின் முன்னோருள் ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தான், அதன் பயனே அவ்வழிவு. குலவரிசையைச் சொல்லி உயர்த்திய அதே நா, குலத்தின் பழியையும் நினைவில் வைத்திருந்து உரைத்தது. வேளிர் தோற்றம் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்று அரசவைப் புகழ்ப்பாட்டாக மட்டும் அமையாமல், மறுக்கப்பட்ட ஒரு வேண்டுகோளின் பகுதியாகவும் அமைந்திருப்பதைப் புலவர் உலகம் மறத்தலாகாது.

துவரை என்பது எது? நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையில், அகத்தியர் துவராபதிக்குச் சென்று பதினெண்குடி வேளிரையும் அருவாளரையும் உடன்கொண்டு தெற்கே வந்து காடு கெடுத்து நாடாக்கினார் என்றொரு மரபைப் பதிவு செய்தார். இவ்விரண்டையும் இணைத்து, வேளிர் கண்ணனது துவாரகையிலிருந்து போந்த யாதவர் என்னும் கருத்தை மு. இராகவையங்கார் தம் 'வேளிர் வரலாறு' நூலில் விரிவாக நிறுவ முயன்றார். மற்றொரு சாரார் துவரையைக் கன்னட நாட்டுத் துவாரசமுத்திரமாகக் கொண்டனர். புலியைக் கொன்ற சளன் என்பவனைக் குலமுதல்வனாகக் கூறிய போசளரும் தம்மை யாதவர் என்றும் துவாராவதிக்கு உரியோர் என்றும் பட்டம் சூட்டிக்கொண்டனர். 'புலிகடிமால்' என்ற பெயரோடு அக்கதை பொருந்துவதும் கண்கூடு. ஆயினும் போசளர் தலைநகராகத் துவாரசமுத்திரம் விளங்கியது பதினோராம் நூற்றாண்டு முதல்தான். கபிலர் பாடியது அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்பு. பின்வந்ததை முன்வந்ததற்கு மூலமாக்குவது இயலாது. வேண்டுமாயின், புலியும் துவரையும் யாதவப் பெயரும் தென்னாட்டு மலைசார் குடிகள் பலவற்றுக்குப் பொதுவாயிருந்த ஒரு கதைக்கருவூலம் எனக் கொள்ளலாம்.

நாற்பத்தொன்பது தலைமுறை என்னும் கணக்கும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு எனப் பெருக்கிக் கண்ணன் காலத்தைக் கணித்தோர் உண்டு. ஆனால் இறையனார் களவியலுரை கடைச்சங்கம் இரீஇய பாண்டியர் தொகையையும் நாற்பத்தொன்பது என்கிறது; கடைச்சங்கப் புலவர் தொகையும் நாற்பத்தொன்பதே. கடல்கொண்ட குமரிநாட்டின் பிரிவுகளை அடியார்க்கு நல்லார் ஏழேழாகத் தொகுத்துரைக்கும்போதும் அதே நாற்பத்தொன்பது வந்து நிற்கிறது. ஏழின் ஏழு மடங்கு, எண்ணிப் பெற்ற எண்ணன்று; 'எண்ணற்கரிய தொன்மை' என்பதற்குத் தமிழ்மரபு வழங்கிய ஒரு வாய்பாடு எனக் கொள்வதே பொருந்தும். கபிலர் பொய்யுரைத்தார் என்பது இதன் பொருளன்று. அவையில் சொல்லும் குலவரிசைக்கும் ஏட்டில் எழுதும் கணக்கிற்கும் இலக்கணம் வேறு.

இத்தகைய குலவரிசை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மேலைக்கடல் தீவாகிய அயர்லாந்தில் குடிவழிகளைக் காப்பது புலவர் கடமையாக இருந்தது. ஸ்பெயின் நாட்டிலிருந்து கடல்கடந்து வந்த மீல் என்பவனின் மைந்தரிடமிருந்தே தம் பெருங்குடிகள் தோன்றின என அவர்கள் பாடிவைத்தனர். அங்கே பத்தாம் நூற்றாண்டில் எழுச்சி பெற்ற தால் காசு என்னும் சிறுகுடிக்கு, அதுவரை மன்ஸ்டர் நாட்டை ஆண்ட பழங்குடியின் முன்னோனோடு உறவு கற்பித்து ஒரு வழிமுறை எழுதப்பட்டது. அக்குடியில் தோன்றிய பிரையன் போரு 1014 இல் குளோண்டார்ப் போரில் மடிந்தான். இங்கே முதலாம் இராசராசனின் ஆட்சி முடிந்த ஆண்டும் அதுவே. வலிமை முன்னும் வம்சம் பின்னுமாக வருவதை அயர்லாந்து வரலாற்றறிஞர் மறைவின்றி ஒப்புக்கொண்டுவிட்டனர். தமிழக ஆய்வில் அத்துணிவு சற்றுத் தாமதமாகவே வந்தது.

கரிகாலன் இருங்கோவேளின் சுற்றத்தைக் கெடுத்தான் என்று பட்டினப்பாலை கூறுகிறது. அதன்பின் நீண்ட இடைவெளி. அவ்விடைவெளியில் கொடும்பாளூர் என்னும் ஊர் மட்டும் ஒருமுறை தோன்றுகிறது: உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியை மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு உரைக்கும்போது, கொடும்பையை அடைந்ததும் வழி மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. இக்குடியின் பின்னைய வரலாற்றுக்கு இதனினும் சிறந்த முன்னுரை இல்லை. சோழநாட்டிலிருந்து பாண்டிநாட்டுக்குப் படை செல்லினும், அங்கிருந்து இங்கு வரினும், கொடும்பாளூரைக் கடந்தே ஆகவேண்டும். இன்றும் திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, விராலிமலைக்கு அப்பால் மதுரைச் சாலையை ஒட்டியே அவ்வூர் உள்ளது. வழிகாவலர்க்குரிய வலிமையும் வழிகாவலர்க்குரிய இக்கட்டும் ஒருசேர வாய்த்த நிலம் அது.

சங்கப்பாட்டின் 'இருங்கோவேள்' கல்வெட்டில் 'இருக்குவேள்', 'இளங்கோவேள்' என வருகிறது. பெயர் தொடர்கிறது. குருதியும் தொடர்ந்ததா என்பதற்குப் பெயர் மட்டும் சான்றாகாது. புகழ்பெற்ற பழம்பெயரை எழுச்சி பெற்ற புதுக்குடி மேற்கொள்வது எந்நாட்டிலும் நிகழ்வதே.

குடி தன்னைப்பற்றித் தானே பேசும் சான்று கொடும்பாளூர் மூவர்கோயிலில் உள்ளது. ஒரே வரிசையில் மேற்கு நோக்கி எழுந்த மூன்று கற்றளிகளுள் நடுவதும் தென்புறத்ததும் இன்று முழுமையாக நிற்கின்றன. வடபுறத்ததன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. பூதி விக்கிரமகேசரி என்னும் வேள், தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்தவை அவை. நடுக்கோயிலின் தென்சுவரில் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுளாக அவனது குலவரிசை பொறிக்கப்பட்டது. தொடக்கப்பகுதி சிதைந்துவிட்டது. முதல் முன்னோனின் பெயரும் அச்சிதைவில் போயிற்று. பாண்டியனது யானைப்படையைக் கைக்கொண்டவன் என்னும் புகழ் மட்டும் எஞ்சி நிற்கிறது. அவனுக்குப்பின் பரவீரசித்து, மழவரை வென்ற வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத்து, இளமையில் பாம்புகளோடு வளர்ந்தவன் எனப்படும் நிருபகேசரி, வாதாபியை வென்ற பரதுர்க்கமர்த்தனன், அதிராசமங்கலப் போரில் சளுக்கியைக் கொன்ற சமராபிராமன். இச்சமராபிராமன் அனுபமை என்னும் சோழன் மகளை மணந்தான். அவர்கள் மகனே பூதி.

கபிலர் நாற்பத்தொன்பது என்றார்; குடியின் சொந்தக் கல் பத்துக்குள் நின்றுவிடுகிறது. சமராபிராமனுக்கு 'யதுவம்சகேது' என்றொரு பெயரைத் தந்து யாதவ மரபை அக்கல்லும் தொட்டுச் செல்கிறது. ஆனால் புலவர் வாய்ச்சொல்லின் மையமாக இருந்த துவரையும் வேள்விக்குண்டமும் கல்லில் எஞ்சிய பகுதியில் இல்லை. அவற்றின் இடத்தில் வாதாபியும் காவிரிக்கரைப் போரும் வந்து நிற்கின்றன. காலத்திற்குக் காலம் குடிக்கு வேண்டிய பெருமை வேறாகிவிட்டது.

இந்தக் கல்வெட்டின் காலத்தைப் பற்றி 1930களில் எழுந்த வாதம் தமிழக வரலாற்றாய்வில் சுவையான பகுதி. வாதாபி வீழ்ந்தது 642 இல். அதை வீழ்த்தியவன் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன். ஆகவே பரதுர்க்கமர்த்தனன் அப்படையெடுப்பில் பங்குகொண்டவன் என்றும், 674 அளவில் சளுக்கிய விக்கிரமாதித்தன் உறையூர்வரை வந்தபோது போரிட்டவன் சமராபிராமன் என்றும் பம்பாயில் பணியாற்றிய ஈராசு பாதிரியார் கொண்டார். நீலகண்ட சாத்திரியார் அதை ஏற்கவில்லை. பூதி வென்றதாகக் கல்வெட்டு கூறும் வீரபாண்டியன், ஆதித்த கரிகாலனால் வீழ்த்தப்பட்ட வீரபாண்டியனே. எனவே பூதி பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியினன் என்பது அவர் முடிபு. அதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. காவிரி நீர் சிவக்குமாறு பல்லவன் படையைப் பூதி அழித்தான் என்கிறது அதே கல்வெட்டு. அபராசிதனோடு பல்லவர் ஆட்சி ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒழிந்தது. இதைக் கருதிப் பூதியை முதலாம் ஆதித்தன் காலத்தில் வைத்த எஸ். ஆர். பாலசுப்பிரமணியம் போன்றோர் உளர். 'பல்லவ' என்பதை 'வல்லப' என மாற்றிப் படித்து இராட்டிரகூடரைக் கொணர்ந்தோரும் உளர். வாசகத்தை மாற்றிப் படிப்பது எளிய வழி. எளிய வழியாதலின் ஐயத்திற்குரிய வழியும் ஆகும்.

ஏழாம் நூற்றாண்டு வாதம் நிற்பதற்கில்லை என்பதற்கு எழுத்தமைதியையும் கட்டடக்கலையையும் தவிர, கல்வெட்டின் உள்ளேயே ஒரு குறிப்புண்டு. பூதி தன் மைந்தர்க்கு இட்ட பெயர்கள் பராந்தகன், ஆதித்தவர்மன். இரண்டும் சோழர் பெயர்கள். ஏழாம் நூற்றாண்டில் சோழர் மங்கிக் கிடந்த சிறுகுடியினர். அவர் பெயரைத் தம் மக்களுக்கு இடுவதிலோ, அவர் வீட்டுப் பெண்ணைக் கொண்டதைக் கல்லில் பொறிப்பதிலோ வேளிர்க்கு என்ன பெருமை இருந்திருக்கும்? அப்பெயர்கள் ஒளிபெற்றது விசயாலயன் 850 அளவில் தஞ்சையைக் கைக்கொண்ட பின்னரே. அரசியல் பணிவு முதலில் வெளிப்படும் இடம் தொட்டில்.

இதே உண்மையைப் பட்டப்பெயர்களும் காட்டுகின்றன. இக்குடியினருள் ஒருவர் 'தென்னவன் இளங்கோவேளார்' எனப்பட்ட மறவன் பூதியார். தென்னவன் என்பது பாண்டியன் பெயர். அடுத்து வந்த பூதி பராந்தகனோ 'செம்பியன் இருக்குவேள்'. அந்தநல்லூரில் திருவாலந்துறைக் கற்றளியை எடுப்பித்தவர் அவரே. செம்பியன் என்பது சோழன் பெயர். மும்முனை வழியில் அமர்ந்திருந்த குடி எப்போது எப்பக்கம் திரும்பியது என்பதைப் போர்ச்செய்திகளைக் காட்டிலும் இவ்விரு சொற்கள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

அத்திருப்பத்தை உறுதிசெய்தவர் ஒரு பெண். மறவன் பூதியாரின் மகள் பூதி ஆதிச்ச பிடாரி. முதலாம் பராந்தகனின் மகனாகிய அரிகுலகேசரியை அவர் மணந்தார். காவிரித் தென்கரையில் திருச்செந்துறைத் திருக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். துவரையைப் பற்றியும் வாதாபியைப் பற்றியும் ஆய்வாளர் வாதிடலாம். பிடாரியாரைப் பற்றி வாதமில்லை. தந்தை பெயர், கணவன் பெயர், கணவனின் தந்தை யார் என்பது, கட்டிய கோயில் என அனைத்தும் கல்லில் தெளிவாக உள்ளன. கொடும்பாளூர் வேளிரின் ஐயத்திற்கிடமற்ற வரலாறு பெரிதும் இத்தகைய மணவுறவுகளிலும் கோயிற்கொடைகளிலும்தான் காலூன்றி நிற்கிறது. கபிலர் ஒரு வேளின் மகளிரைக் கொள்ளுமாறு இருங்கோவேளிடம் இரந்து நின்றார். ஆயிரம் ஆண்டுகளுக்குள் இருக்குவேளிர் வீட்டுப் பெண்ணைச் சோழ இளவரசன் விரும்பிக் கொண்டான்.

பூதியின் கொடையிலும் ஒரு செய்தி உண்டு. மதுரையைச் சேர்ந்தவரும் வித்தியாராசி, தபோராசி என்போரின் மாணாக்கரும் ஆன மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றை அளித்து, ஐம்பது துறவியர் உண்பதற்காகப் பதினொரு ஊர்களையும் அவன் ஈந்தான். கருமுகத்தர் எனப்பட்ட அத்துறவியரைப் பிற்காலச் சைவம் தன் நினைவிலிருந்து ஏறக்குறைய நீக்கிவிட்டது. இடங்கழியார் கதையில் அடியார்க்குத் திறந்துவிடப்பட்ட நெற்பண்டாரமும், மூவர்கோயிற் கல்லில் ஐம்பதின்மர்க்கு வகுக்கப்பட்ட உணவும் ஒரே ஊரினவை என்பது கருதத்தக்கது. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், அதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டினர். அவர் நாட்களில் இருக்குவேளிர் அரசியல் வலிமையிழந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் 'சோறிட்ட ஊர்' என்னும் நினைவு அவ்வூர்ப் பெயரோடு ஒட்டியே இருந்தது.

சோழரோடு கொண்ட உறவின் விலை ஈழப்போரில் தெரிந்தது. சுந்தரசோழன் காலத்தில் (957–973) ஈழத்தின்மேற் சென்ற படையில் கொடும்பாளூரைச் சேர்ந்த பராந்தகன் சிறியவேளார், அம்மன்னனது ஒன்பதாம் ஆட்சியாண்டில், களத்தில் மாண்டார். 'திருக்கற்றளிப் பிச்சன்' என்றும் அவர்க்கொரு பெயர் உண்டு. இச்செய்தி இராசராசன் காலக் கல்வெட்டால் தெரியவருகிறது. அக்காலத்தில் ஈழத்தை ஆண்ட நான்காம் மகிந்தனின் தளபதி சேனன், வல்லபன் அனுப்பிய படையை முறியடித்தான் என மகாவமிசம் கூறுவது இப்படையெடுப்பையே குறிப்பதாகக் கொள்வர். வென்றவன் பெயரைப் பாளி நூலும் வீழ்ந்தவன் பெயரைத் தமிழ்க் கல்லும் காத்துவைத்துள்ளன. இச்சிறியவேளாரின் மகளாகவே கல்கி தம் 'பொன்னியின் செல்வ'னில் வானதியைப் படைத்தார். 1950 முதல் 1954 வரை அத்தொடரைப் படித்த இல்லங்களில் கொடும்பாளூர் மீண்டும் பேச்சுக்கு வந்தது. பெரிய வேளாராகப் பூதி விக்கிரமகேசரியும் அக்கதையில் உலவுகிறார்; அவ்வகையில் கல்கி நீலகண்ட சாத்திரியார் பக்கம் நின்றவராகிறார்.

ஈழத்தை வென்றது அடுத்த தலைமுறையினனாகிய இராசராசன். அவன் அமைத்த ஆட்சிமுறையில் நாடுகள் அளக்கப்பட்டு வளநாடுகளாகத் தொகுக்கப்பட்டன. அரசனின் அதிகாரிகள் ஊர்தோறும் சென்றனர். இடையிலே ஒரு வேள் தேவைப்படவில்லை. இருக்குவேளிரைப் பகைவர் எவரும் போரில் அழித்ததாகச் செய்தி இல்லை. படைத்தலைவராக, அதிகாரியாக, கொடையாளராக அவர்கள் சோழப்பேரரசினுள் கரைந்தனர்; பதினோராம் நூற்றாண்டு செல்லச்செல்லக் கல்வெட்டுகளில் அப்பெயர் அருகிவிடுகிறது. அவர்கள் ஆண்ட கோனாடு, 'கடலடையாதிலங்கை கொண்ட சோழ வளநாடு' என்னும் புதுப்பெயருக்குள் அடங்கியது. இலங்கை மண்ணில் மாண்ட சிறியவேளாரின் சொந்த நாட்டுக்கு, இலங்கை கொண்ட சோழனின் பட்டம் பெயராயிற்று.